டீசலுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி

1996 ஜூலை 8, திங்கள். மழை.

முன்னங்கால் விரல் ஒன்றில் பழைய தோல் கழலாமல் வளையம்போல் இறுகிக் கிடக்கிறது. இடது கால். கடையில் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் வாயைத்தான் பார்க்கிறார்கள், கடிக்குமோ என்று.

ஒழுங்காக எழுதுகிறேன். இன்று அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெயர் டீசல். நான் வைத்ததல்ல. கடையில் நீலநாக்கன் என்பார்கள். என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம், தடித்த உடம்பு, ஒட்டவைத்த மாதிரிக் குட்டிக் கால்கள். நாக்கு பேனா மை நிறம்.

முன்பு வைத்திருந்த பையன் கேட்டது மலைப்பாம்பு. இந்த நாட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் விடாது, ஆகவே தாய் இதை வாங்கிக் கொடுத்தார். பாம்பு மாதிரித் தோளில் போட்டுத் திரிந்திருக்கிறான். இவன் கடித்துவிட்டான். பெட்டியோடு திரும்பி வந்தது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "கடிக்கும்".

லின் (இனி லி.), பிராணிக் கடைக்காரி, என் முதலாளி. சொன்னது: மாதக் கடைசிவரை நீ கொண்டுபோய்ப் பார். சாப்பிட்டு, கையில் தூக்கவும் விட்டால் உனக்கே. இல்லாவிட்டால் மிருக வைத்தியரிடம் ஊசி. கடிக்கிறதை யாருக்கும் விற்க முடியாது.

தலையாட்டினேன். தலையாட்டத்தான் எனக்கு வரும்.

அம்மா வாசலில்.
"என்னடி உது, பாம்போ?"
"இல்லை. உடும்பு மாதிரி ஒண்டு."
"உடும்போ? உடும்பெண்டாப் பரவாயில்லை. பேர் என்ன?"
"டீசல்."
"ஏன், மண்ணெண்ணெய் எண்டு வைக்கேல்லையோ?"

உடும்பு இல்லை. பார்த்த அன்றே எனக்குத் தெரியும், அரணை. ஊரில் கிணற்றடியில் ஓடுகிறதன் அதே வழவழப்பு, அதே முகம். இது மிகப் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்ல முடியாது. அரணை நக்கினால் மரணம். அம்மா அதில் சந்தேகப்பட்டதே இல்லை. இவனோ எந்த நேரமும் நாக்கை நீட்டிக்கொண்டு திரிபவன்.

ஜூலை 9, செவ்வாய். மழை விடவில்லை.

வேலை இல்லாத நாள். தொட்டி சரி செய்தேன். ஒரு பக்கம் விளக்கு, சூடு. மறு பக்கம் குளிர். ஒளிந்துகொள்ள உடைந்த பூச்சட்டி. தண்ணீர். கீழே பழைய பத்திரிகை.

மேலிருந்து கையை நீட்டினால் சீறுகிறான், சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற சத்தம். உடம்பைத் தட்டையாக்கி, வாயைத் திறந்து, நாக்கை முழுக்க வெளியே விட்டு. மூன்று தடவை கையை எடுத்துவிட்டேன். என்னில் எனக்கே எரிச்சல்.

நேற்று லி. ஒரு புத்தகம் தந்தார். ஒஸ்ரேலியப் புத்தகம், மலைப்பாம்பு வளர்ப்பது பற்றி. நீலநாக்கன் பற்றிக் கடையில் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் இல்லாத பிராணியைப் பற்றிய புத்தகத்தை அகராதி வைத்துப் படிக்கிறேன். பிடித்தது:
- மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. பக்கத்தால் போ.
- சாப்பிட்ட பிறகு தூக்காதே.
- தோல் உரிக்கும் நாட்களில் தொடாதே.
- கையில் வேறு பிராணியின் மணம் இருந்தால் கழுவிவிட்டு வா.
- சீறுவது கோபம் அல்ல.
மீதி எலி விழுங்குவது பற்றி. உதவாது.

விளக்கு சிவப்பு. அம்மா: "குமர்ப்பிள்ளையின்ரை அறையிலை சிவப்பு லைட். ரோட்டாலை போறவை என்ன நினைப்பினம்?" யன்னலுக்குப் போர்வை கட்டியாயிற்று. இப்போது பகலிலும் இருட்டு.

ஜூலை 10, புதன். மழை இல்லை, காற்று.

கடை. முயல் கூடுகள், கிளிக் கூடுகள், மீன் தொட்டிகள். பத்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி தங்கமீன் வாங்க வந்தாள். விதைச் சாக்குகளுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். லி. தேடினார். சாக்கைத் தைக்கிறேன் என்றேன். சாக்குக் கிழிந்திருக்கவில்லை.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். வாசி என்று எழுப்புவார்கள், எழும்பி நிற்பேன், அவ்வளவுதான். வாசிக்கத் தெரியும். அதை யாருக்கு நிரூபிப்பது.

டீசல் சாப்பிடவில்லை. பூனைச் சாப்பாட்டு டின் திறந்து வைத்தால் திரும்பியும் பார்ப்பதில்லை. அறையெல்லாம் மணம்.

ஜூலை 11, வியாழன். குளிர், வெயில்.

விரலில் இருக்கிற வளையத்தைக் கழற்றாவிட்டால் இரத்தம் ஓடாமல் விரல் கருகி விழுந்துவிடும். பின்காலில் ஒன்று ஏற்கெனவே இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர், பேசினில், வயிறு நனைகிற அளவு. பக்கத்தால் கை. வயிற்றுக்குக் கீழே ஒரு கை, பின்காலுக்குக் கீழே மற்றது. விழப்போகிறோம் என்ற பயம் வந்தால்தான் துடிக்கிறான். முழு உடம்பையும் தாங்கினால் பேசாமல் இருக்கிறான். பையன் இதைத்தான் செய்யவில்லை.

ஊறவிட்டு, பஞ்சால் உருட்டி உருட்டி. பாதி கழன்றதும் கடித்தான். பெருவிரலில். விடவில்லை, கவ்விக்கொண்டே இருந்தான். கத்தவில்லை. கையை இழுக்கவும் இல்லை, இழுத்தால் பல் உடையும். தண்ணீருக்குள் தாழ்த்தினேன், விட்டான். பல் ஒன்றும் பெரிசில்லை, நெரிவுதான். நகத்தடி நீலம்.

வளையம் கழன்றுவிட்டது!

பிறகு என் மணிக்கட்டை ஒரு தடவை நக்கினான். இதை யாரிடமும் சொல்ல முடியாது.

பக்கத்து அறையில் அப்பாவின் இருமல். அப்பாவுக்கு விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை, குளிர்ச் சாமான் பகுதி. இங்கே ஜூலையில்தான் மாரிக் குளிர், மாரி வந்தால் முட்டு, மூச்சிழுப்பு. மூச்சு விசில் மாதிரி வருகிறது. இந்த வீட்டு யன்னல் விளிம்பெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், துடைத்தால் திரும்ப வருகிறது.

ஜூலை 12, வெள்ளி. மழை.

வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. பூனை டின்னைத் திறக்கப் போக அம்மா குறுக்கே.
"இண்டைக்கு மச்சம் எடுக்க விடமாட்டன்."
"அம்மா, இது அவனுக்கு."
"அவன் இந்த வீட்டிலைதானே இருக்கிறான்? அவனுக்கும் மரக்கறி."

கதைத்துப் பயன் இல்லை. வாழைப்பழமும் அவித்த பூசணியும் மசித்து வைத்தேன், கோபத்தோடுதான்.

சாப்பிட்டான்.

முதலில் நாக்கால் தொட்டான். பிறகு தலையைச் சரித்து ஒரு கவ்வல். பிறகு முகமெல்லாம் பூசணி. ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். அறை வாசலோடு நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே வரமாட்டார்.
"பாரன், வடிவாச் சாப்பிடுறான். சைவக்காரன்."

சிரித்தார். இந்த மாரியில் முதல் தடவை.

ஜூலை 14, ஞாயிறு. பனி மூட்டம், பிறகு வெயில்.

நேற்றும் இன்றும் சாப்பிட்டான். பக்கத்து வீட்டு வேலியில் பொறுக்கிய நத்தைகள். ஓட்டோடு நொறுக்குகிறான், சத்தம் கேட்கவேண்டும். எங்கள் தோட்டத்து நத்தை கொடுக்கக்கூடாது, அம்மா மல்லிப் பாத்திக்கு மருந்து போட்டிருக்கிறார்.

அம்மா மாறிவிட்டார். காலையில் ஒரு அவித்த முட்டை கொண்டுவந்து வாசலில் வைத்தார்.
"மஞ்சட்கருவைக் குடு. நல்லம்."
"சரி அம்மா."
"உது இன்னும் வளருமோ? நிறை என்ன வரும்?"

கேட்கிறார்! என் வேலையைப் பற்றி அம்மா கேட்டதே இல்லை, "கூடு கழுவப் போறாள்" என்று மற்றவர்களுக்குச் சொல்வதைத் தவிர. நிறையச் சொன்னேன். சூட்டுப் பக்கம் ஏன், குளிர்ப் பக்கம் ஏன், எப்படித் தூக்குவது. இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது நினைவில்லை. அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார்.

அப்பாவுக்கு நல்லாக இல்லை. நாளைக்கு வேலைக்குப் போகமாட்டார்.

ஜூலை 16, செவ்வாய். மழை. மழை. மழை.

அம்மா ரெலிபோனில். குசினியில் நின்று கதைக்கிறபோது வீட்டில் எங்கே இருந்தாலும் கேட்கும்.

"ஓம் சிவம், உடும்புதான். நல்லாக் கொழுத்திட்டுது. முட்டையும் குடுக்கிறன். ஞாயிறு வாருமன், உரிக்கத் தெரிஞ்ச ஆள் இஞ்சை நீர்தானே. இவருக்கு முட்டு விடுகுதில்லை. டொக்டரின்ரை மருந்தெல்லாம் பாத்தாச்சு."

பிறகு கொஞ்ச நேரம் மறுபக்கத்தைக் கேட்டார்.

"தர்சி அழுவாள்தான். ஆனா தேப்பனுக்கு எண்டாக் குடுப்பாள். நல்ல பிள்ளை."

சிவம் மாமா அப்பாவோடு வேலை செய்பவர், வன்னிக்காரர். அங்கே உடும்புக் கறி பெரிய மருந்து, முட்டுக்காரருக்கு. இது எனக்கும் தெரிந்த விஷயம்தானே. ஏன் யோசிக்கவில்லை? உடும்பு என்று சொன்னது நான். ஊரில் உள்ள அத்தனை பெயர்களுக்குள்ளும், சட்டிக்குள் போகிற பெயரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

முட்டை. மஞ்சட்கரு. நிறை என்ன வரும்.

ஜூலை 17, புதன்.

கடை. லி. கேட்டார், எப்படி இருக்கிறான்? நல்லாக இருக்கிறான். சாப்பிடுகிறானா? ஓம். கடிக்கிறானா? இல்லை. மிகவும் சந்தோஷப்பட்டார். தோளில் தட்டினார்.

என் அம்மா அவனைக் கறி வைக்கப்போகிறார் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? வசனம் செய்து பார்த்தேன், வசனம் வருகிறது. சொன்னால் லி. யாரையாவது கூப்பிடுவார். பதிவு அட்டையும் பேனாவுமாக மிருகவதைத் தடுப்பு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா சீலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலில் நிற்பார், ஒரு சொல்லும் விளங்காமல். அதைப் பார்க்க என்னால் ஏலாது.

உடும்பு என்றால் சட்டி. அரணை என்றால் வெளியே, வெளியே என்றால் கடை, இரண்டு பேர் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்ததைக் கடையில் வைத்திருக்கமாட்டார்கள். ஊசி.

பின்னேரம் அம்மாவிடம் போனேன். மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார்.
"அம்மா."
"என்ன?"
"ஒண்டுமில்லை."

ஜூலை 18, வியாழன்.

இன்றும் "ஒண்டுமில்லை".

டீசல் என் சட்டைக் கைக்குள் போய்க் கழுத்துப் பக்கமாக வந்து நித்திரை. உடம்பு சூட்டுக்குத்தான் வருகிறான், பாசம் இல்லை, அது எனக்குத் தெரியும். புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. அசையாமல் இருந்ததில் கால் விறைத்துவிட்டது. பூனை டின்னும் இப்போது சாப்பிடுகிறான். எல்லாம் சரியாக வருகிற நேரத்தில்.

ஜூலை 20, சனி. கடுங்குளிர். புல்லில் உறைபனி.

விடிய அப்பாவுக்குக் கடும் முட்டு. கட்டில் விளிம்பில் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றி. தோள்மூட்டு இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்குகிறது. அம்மா முதுகைத் தடவிக்கொண்டு அழுகிறார். இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை எப்போதும் கடைசியில்தான் எடுக்கிறார், முதலே எடுத்தால் பழகிவிடுமாம். இரண்டு இழுவைக்குப் பிறகு முகத்தில் நிறம் வந்தது.

அம்மா சுடுதண்ணீர் வைக்கப் போன நேரம் அப்பா மெதுவாக:
"அம்மா உன்னட்டைக் கேட்டவவோ, உடும்பைப் பற்றி?"
"இல்லை."
"எனக்கு அதிலை நம்பிக்கை இல்லை, பிள்ளை. ஆனா அவவுக்கு ஏதாவது செய்யவேணும். சும்மா பாத்துக்கொண்டிருக்க அவவாலை ஏலாது."

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், அப்பா இருமத் தொடங்கிவிட்டார். பிறகு நித்திரை.

உண்மையான உடும்பாக இருந்தால் கொடுத்திருப்பேனா? உண்மையாகவே முட்டு நிற்கும் என்றால்? எழுதிவிட்டு வெட்டினேன். விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வைத்ததற்காக எல்லாரோடும் கோபம்.

ஜூலை 21, ஞாயிறு. வெயில்.

சிவம் மாமா பதினொரு மணிக்கு. கையில் பத்திரிகையில் சுற்றிய கத்தி, மற்றக் கையில் ஒரு பெட்டி மண்டரின் தோடம்பழம், எனக்காம்.

"எங்கை பிள்ளை உன்ரை ஆள்? மாமாவுக்கு அறிமுகப்படுத்து."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "தர்சி, அப்பாவுக்காகத்தானேயம்மா" என்றார், அடுப்பைப் பார்த்து. சட்டி ஏற்கெனவே வெளியே. இஞ்சி, உள்ளி, மிளகு எல்லாம் அரைத்து வைத்தாயிற்று.

அறைக்கு வந்தார்கள். அம்மா வாசலோடு. அப்பா அவருக்குப் பின்னால், கம்பளி போர்த்துக்கொண்டு. நான் தொட்டிக்கு முன்னால் நின்றேன். விலகவில்லை. அதுதான் நான் செய்தது, விலகாமல் நின்றேன், அவ்வளவும்தான். மாமா என் தோளுக்கு மேலால் எட்டி யன்னல் போர்வையை இழுத்துவிட்டார். வெளிச்சம் விழுந்தது. டீசல் சீறினான். வாயைத் திறந்தான். முழு நாக்கும்.

மாமா பின்னுக்குப் போன வேகத்தில் அலுமாரியில் இடித்துக்கொண்டார்.

"அக்கா! உது உடும்பில்லை!"
"பின்னை?"
"உடும்பின்ரை தோல் சாக்கு மாதிரி. இது எண்ணெய் பூசின மாதிரியெல்லோ கிடக்கு. அக்கா, உது அரணை!"

பிறகு அம்மா, நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில்:
"தர்சி. உன்னை நக்கினதோ?"
"ஓம்."
"எங்கை?"
"கையிலை. கழுத்திலையும்."
"எப்ப?"
"ஒவ்வொரு நாளும்."

இவ்வளவு நாளும் வாசலைத் தாண்டாத அம்மா உள்ளே பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்கு. மஞ்சள், தேசிக்காய், சவுக்காரம், திரும்பவும் மஞ்சள். தோல் உரிகிற அளவு தேய்த்தார். "சொல்லேல்லையேடி, ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று திரும்பத் திரும்ப.

வெளியில் சிவம் மாமா அப்பாவிடம்: "அண்ணை, பயப்பிடாதேங்கோ. நக்கினால் மரணம் எண்டா இவள் செத்து இப்ப எட்டாம் நாள் கிரியையும் முடிஞ்சிருக்கும்."
அப்பா: "அரணைக்கு மறதியெல்லோ. வந்த வேலையை மறந்திருக்கும்."
இருவரும் சிரிக்கிறார்கள். அம்மா கதவைத் திறந்து ஒரு பார்வை. சிரிப்பு நின்றது.

மத்தியானம் உருளைக்கிழங்குக் கறி. அரைத்ததெல்லாம் அதற்குள். யாரும் நன்றாகச் சாப்பிடவில்லை, மாமாவைத் தவிர. இன்று இரவுக்கு மட்டும் டீசல் இருக்கலாமாம், கதவைப் பூட்டிவிட்டு நான் அம்மாவோடு படுக்கவேண்டுமாம். நாளைக்குக் கடைக்கு.

ஜூலை 22, திங்கள். தென்காற்று, ஐஸ் மாதிரி.

அப்பா காலையிலேயே கடைக்கு ரெலிபோன் எடுத்தார், ஊரில் அலுவலகத்தில் பழகிய தன் கந்தோர் இங்கிலீஷில். நான் பக்கத்தில். சரி, சரி, நன்றி என்று வைத்தார்.
"கொண்டுவரட்டாம். மிருக வைத்தியருக்குச் சொல்லப்போறாவாம். ஏன், அதுக்கு ஏதும் வருத்தமோ?"
"இல்லை. ஊசி போட."
"என்ன ஊசி?"
"சாகிற ஊசி."

அம்மா குசினியிலிருந்து வந்தார், கையில் அகப்பையோடு.
"என்னத்துக்கு?"
"ஒருத்தருக்கும் வேண்டாமாம். கடிச்சதாம்."
"வேண்டாமெண்டாச் சாக்காட்டுறதோ? தின்னவும் இல்லை, மருந்துக்கும் இல்லை. சும்மா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.
"நீங்கள் நேற்றுக் கறி வைக்கத்தானே பாத்தனீங்கள்!"

சத்தமாக. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அது வேறை" என்றார் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். "அது மருந்து. இது கொலை. என்ரை வீட்டிலை முட்டை திண்ட சீவனை ஊசிக்கு அனுப்பி அந்தப் பழியை ஆர் சுமக்கிறது? கடைக்குக் குடுக்க வேண்டாம்."

அறைக்குப் போகத் திரும்பினேன்.

"ஆனா என்ரை கூரைக்குக் கீழை நிக்கப்படாது. கராஜிலை கொண்டுபோய் வை. நீ அங்கை போறதெண்டாக் கையுறை, கழுத்துக்குத் துணி. நக்க விட்டியோ, தெரியும்."

அப்பா உடுப்பு மாற்றாமலே தொட்டியின் ஒரு முனையைப் பிடித்தார், வேண்டாமென்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. கராஜ் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே அனுப்பிவிட்டேன்.

கராஜ். சீமெந்துத் தரை. பெரிய கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி, காற்று நேரே அதற்குள்ளால். டீசல் பூச்சட்டிக்குள் போகவில்லை. நடுவில் கிடந்தான், கால்களை உடம்போடு ஒட்டி, ஒரு கண் மூடி. தொட்டேன், குழாய் மாதிரிக் குளிர். சீறவில்லை. சீறியிருந்தால் நல்லது.

விளக்குக்கு ஒரே ஒரு பிளக் இடம். அதில் வோஷிங் மெஷின், அப்பாவின் கட்டில் விரிப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு கூடை உடுப்பு.

"அம்மா, மெஷினை நிப்பாட்டட்டோ?" கதவால் கூப்பிட்டேன்.
"முடியட்டும்! வெயில் போறதுக்குள்ளை காயப்போடவேணும். பின்னேரம் பாப்பம்!"

பின்னேரம்.

கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். மற்றக் கண்ணும் மூடத் தொடங்கியது. எழும்பினேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளக்கைச் செருகினேன்.